நாணயம் சுண்டினால் இரைச்சல்!

ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக் கொள்ளுங்கள். தாளின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரே மூச்சில் ஒரு கோடு போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் கோட்டில் எந்த ஒழுங்கும் இருக்கக் கூடாது. மேலும் கீழுமாக, மனம் போன போக்கில் செல்ல வேண்டும்.

போட்டாயிற்றா? இப்போது தாளைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். ரம்பத்தின் பற்களைப் போல இருக்கிறது அல்லவா? பற்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லின் பக்கமும் வழவழவென்று நேராக இருக்கும். ஒழுங்கே கூடாது என்று சொன்னோம்; கையோ தனக்குத் தெரியாமலே ஓர் ஒழுங்கை நுழைத்துவிட்டது!

உண்மையான ஒழுங்கின்மை எப்படி இருக்கும்? வானொலிப் பெட்டியின் திருகை இரண்டு நிலையங்களுக்கு நடுவே நிறுத்தினால் 'சர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் வரும். அந்த மின்னோட்டத்தை ஆஸிலாஸ்கோப் கருவியின் திரையில் பார்த்தால் ஒரு கோடு தாறுமாறாகத் துடிப்பது தெரியும். விஞ்ஞானிகள் 'இரைச்சல்' என்று சொல்வது காதில் விழும் ஓசையை மட்டும் அல்ல. நேரம் செல்லச் செல்ல ஒழுங்கின்றி ஏறி இறங்கும் எந்த அளவும் அவர்களுக்கு இரைச்சல்தான். ஓர் ஆற்றில் ஆண்டுதோறும் வரும் வெள்ளத்தின் அளவும் அப்படி ஒன்று. கிராஃப் தாளில் குறித்தால் அதுவும் நெளிந்து வளைந்து செல்லும் ஒரு கோடாகவே வரும்.

இத்தகைய கோடுகளில் பல பெரிய மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு மேட்டை மட்டும் பெருக்கிப் பார்த்தால் அதன் மேல் சிறு மேடுகள் தெரியும். அவற்றில் ஒன்றைப் பெருக்கினால் அதன் மேலும் பொடி மேடுகள்! உங்கள் ரம்பக் கோட்டில் இல்லாமற் போனது இதுதான். சிறிது பெருக்கினாலும் பெரிது பெருக்கினாலும் ஒரே தன்மையோடு தோன்றும் இத்தகைய வடிவங்களுக்குப் பெனாய் மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர் 1975-இல் 'ஃபிராக்டல்' என்று பெயர் வைத்தார். உடைந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது.

பெருக்கிப் பார்த்தால் புதுப் புது நெளிவு தெரிகிறது என்றால், அதே செயலைத் திருப்பிப் போட்டால் என்ன? பெருக்கிக் கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ஒரு புது நெளிவை நாமே சேர்த்தால் இரைச்சலை உண்டாக்கிவிடலாம் அல்லவா? செய்து பார்ப்போம். தேவையானவை ஒரு கிராஃப் தாள், ஒரு நாணயம், அரை மணி நேரம்.

பூவா, தலையா?

கிராஃப் தாளின் நடுவில் 16 செ.மீ. நீளத்துக்கு ஒரு படுக்கைக் கோடு வரையுங்கள். இதன் இரு முனைகளிலும் உயரம் சுழி. கோட்டுக்கு மேலே உள்ள உயரங்கள் மிகை எண்கள். கீழே உள்ளவை குறை எண்கள்.

முதல் படி: நடுப்புள்ளி, அதாவது 8 செ.மீ. இருக்கும் இடம். நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் அந்தப் புள்ளியை 40 மி.மீ. மேலே தள்ளுங்கள், பூ விழுந்தால் 40 மி.மீ. கீழே. தலை விழுந்ததாக வைத்துக் கொள்வோம். நடுப்புள்ளியின் உயரம் 40.

இரண்டாம் படி: இப்போது உங்களிடம் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடுப்புள்ளி உண்டு. 4 செ.மீ. இடத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் இருபுறமும் உள்ள புள்ளிகளின் உயரம் 0, 40. சராசரி 20. இனி நாணயம். இந்த முறை தள்ள வேண்டிய அளவு 40 அல்ல, 28 மி.மீ. பூ விழுந்தால் 20-இலிருந்து 28-ஐக் கழிக்க வேண்டும், உயரம் –8. அடுத்து 12 செ.மீ. இடம். அங்கும் சராசரி 20. தலை விழுந்தால் 48.

மூன்றாம் படி: துண்டுகள் நான்கு, சுண்டல்கள் நான்கு, தள்ளும் அளவு 20 மி.மீ. நான்காம் படியில் சுண்டல்கள் எட்டு, அளவு 14 மி.மீ. ஐந்தாம் படியில் பதினாறு, அளவு 10 மி.மீ. ஆக மொத்தம் 31 சுண்டல்கள். புள்ளிகளை வரிசையாக இணைத்தால் உங்கள் கோடு தயார்.

ஒவ்வொரு முறையும் முதலில் சராசரி எடுத்து, அதன் பிறகே தள்ள வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நான் முதன்முறை வரைந்தபோது சராசரியை மறந்து, இடப்பக்கப் புள்ளியோடு நேராகக் கூட்டிக் கொண்டே போனேன். கோடு நான்காம் படியில் தாளைத் தாண்டி மேஜைக்குப் போய்விட்டது!

வரைந்த கோட்டையும் முதலில் கையால் போட்ட கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ரம்பம். மற்றது மலைத்தொடர்.

பூதக்கண்ணாடிக் கணக்கு

40, 28, 20, 14, 10 என்ற எண்களை ஏன் தேர்ந்தெடுத்தோம்? ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 0.7-ஆல் பெருக்கினால் அடுத்தது கிடைக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால் அந்த எண் இரண்டின் வர்க்கமூலத்தின் தலைகீழ். அதனால்தான் இரண்டு படிக்கு ஒரு முறை அளவு சரியாகப் பாதியாகிறது: 40, 20, 10.

இப்போது ஒரு வேடிக்கை. உங்கள் கோட்டிலிருந்து கால் பங்கை, அதாவது 4 செ.மீ. நீளத் துண்டை, மனதால் வெட்டி எடுங்கள். அதை நீளவாட்டில் 4 மடங்கும், உயரவாட்டில் 2 மடங்கும் பெருக்குங்கள். நீளம் மறுபடியும் 16 செ.மீ. ஆகிவிட்டது. அந்தத் துண்டுக்குள் நாம் செய்த முதல் தள்ளல் எது? மூன்றாம் படியில் செய்த 20 மி.மீ. தள்ளல். இரண்டு மடங்காகப் பெருக்கினால் அது 40! அடுத்தது 14, பெருக்கினால் 28. பழைய செய்முறை அப்படியே திரும்பி வந்துவிட்டது! துண்டின் இரு முனைகளும் ஒரே உயரத்தில் இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. கால் துண்டைப் பெருக்கி ஒருவரிடம் கொடுத்தால், அது முழுக் கோடா, துண்டா என்று அவரால் சொல்ல முடியாது. அதிலிருந்து இன்னொரு கால் பங்கை எடுத்தாலும் அப்படியே. நாணயமும் பொறுமையும் இருக்கும் வரை பெருக்கிக் கொண்டே போகலாம்.

பொறுமைக்கு அளவு உண்டு. கணிப்பொறிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒலித்தட்டான சி.டி.யில் ஒரு நொடி ஓசையைப் பதிய 44,100 புள்ளிகள் வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் உயரமும் ஒலிபெருக்கியின் கூம்பு அந்தக் கணத்தில் எவ்வளவு முன்னோ பின்னோ நகர வேண்டும் என்பதைச் சொல்கிறது. நம் செய்முறையை 16 படிகள் வரை கொண்டு சென்றால் 65,536 துண்டுகள் கிடைக்கும். ஏறத்தாழ ஒன்றரை நொடி ஓசை! நாணயத்தால் இதைச் செய்ய முற்பட்டால் உங்கள் கோடை விடுமுறை முழுவதும் போய்விடும்.

முரடு எங்கிருந்து வருகிறது?

கோடு கரடுமுரடாக வந்ததற்கு நாணயம்தான் காரணம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி நாணயத்தை விலக்கிவிடுவது. எப்போதும் தலையே விழுவதாக வைத்துக் கொள்ளுங்கள். எல்லாத் தள்ளல்களும் மேல்நோக்கித்தான்.

முதலில் 0.7-க்குப் பதிலாக 0.25-ஐ எடுத்துக் கொள்வோம். தள்ளும் அளவுகள் 40, 10, 2.5 என்று வேகமாகக் குறையும். வரைந்து பாருங்கள். எறிந்த பந்து செல்லும் பாதையைப் போன்ற வழவழப்பான வளைவு வரும். போல என்ன, அதுவேதான்! பாடப் புத்தகத்தில் உள்ள பரவளையம். இப்படி நடுப்புள்ளிகளை மேலும் மேலும் எடுத்துத்தான் ஆர்க்கிமிடீஸ் பரவளையத்தின் பரப்பளவைக் கணக்கிட்டார்.

அடுத்து 0.5. அளவுகள் 40, 20, 10, 5. எப்போதும் தலைதான். இந்த முறை வருவது பரவளையம் அல்ல. பல்லும் பிளவுமாக, காலிஃபிளவர் பூவின் மேல்புறம் போன்ற ஓர் உருவம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியக் கணித அறிஞர் தெய்ஜி தக்காகி எடுத்துக்காட்டிய வளைவு இது. எங்கும் அறுபடாத கோடு. ஆனால் எந்தப் புள்ளியிலும் அதற்குத் தொடுகோடு வரைய முடியாது!

நாணயமே இல்லாமல் இந்த முரடு எப்படி வந்தது? சாய்வைக் கவனியுங்கள். முதல் படியில் 80 மி.மீ. தொலைவில் 40 மி.மீ. உயர்த்தினோம். ஆகவே சாய்வு 0.5 மாறியது. இரண்டாம் படியில் தொலைவு 40 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டது. 0.25 விகிதமானால் அங்கே உயர்த்துவது 10 மி.மீ.; சாய்வு மாறுவது 0.25. அடுத்த படியில் அதிலும் பாதி. இப்படிக் குறைந்து கொண்டே போவதால் சாய்வு ஒரு நிலைக்கு வந்து அடங்கிவிடுகிறது, வளைவு வழவழப்பாகிறது. 0.5 விகிதமானால் 40-க்கு 20, மறுபடியும் 0.5. எத்தனை படி இறங்கினாலும் அதே 0.5. அடங்குவதே இல்லை. 0.7 விகிதமானால் 40-க்கு 28, அதாவது 0.7. அடுத்த படியில் 1. பெருக்கப் பெருக்கச் சாய்வு கூடிக் கொண்டே போகிறது!

ஆக, கோட்டின் முரடு ஒளிந்திருப்பது அந்த ஒற்றை எண்ணில். நாணயத்தின் வேலை மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று முடிவு செய்வது மட்டும்தான்.

0.7-க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒருவர் நாணயத்தைச் சுண்டிக் கொண்டே நடக்கிறார். தலை என்றால் ஓர் அடி முன்னே, பூ என்றால் ஓர் அடி பின்னே. 100 சுண்டலுக்குப் பிறகு அவர் புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 10 அடி விலகியிருப்பார். 400 சுண்டலுக்குப் பிறகு 20 அடி. காலம் 4 மடங்கானால் விலகல் 2 மடங்கு. கால் துண்டுக்கு நாம் செய்த பூதக்கண்ணாடிக் கணக்கும் இதுவே அல்லவா? 1827-இல் ராபர்ட் பிரௌன் என்ற தாவர இயல் அறிஞர் நுண்ணோக்கியில் கண்ட நடனமும் இத்தகையதுதான். தண்ணீரில் மிதந்த, மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் ஓயாமல் தத்தளித்துக் கொண்டிருந்தன. தண்ணீர் மூலக்கூறுகள் மோதி மோதி அவற்றைத் தள்ளுகின்றன என்பது பிற்பாடு தெளிவாயிற்று. இப்படிப்பட்ட அலைச்சலை நடுப்புள்ளி முறையால் படிப்படியாகக் கட்டலாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பால் லெவி காட்டினார். இந்தக் கோட்டை ஓசையாக்கினால் தொலைவில் அருவி கொட்டுவது போன்ற அடங்கிய முழக்கம் கேட்கும். அதற்குப் 'பிரௌன் இரைச்சல்' என்று பெயர். இதைப் பழுப்பு நிறம் என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. பாவம், அது மனிதரின் பெயர்!

அணை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

0.7-ஓ 0.6-ஓ, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு நாட்டின் குடிநீரும் வயல்களும் அந்தச் சிறு வேறுபாட்டைச் சார்ந்திருந்தன.

எகிப்து நாட்டுக்கு நைல் நதிதான் உயிர். சில ஆண்டுகளில் அது பெருகி ஓடும். சில ஆண்டுகளில் வற்றிப் போகும். மிகும் ஆண்டுகளின் நீரைத் தேக்கி, குறையும் ஆண்டுகளில் கொடுக்க ஓர் அணை வேண்டும். அது எவ்வளவு நீரைத் தாங்க வேண்டும்? 1906-இல் எகிப்துக்கு வந்து, பல பத்தாண்டுகள் நைல் நதியையே ஆராய்ந்த ஹெரால்ட் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய நீரியல் அறிஞர் முன் நின்ற கேள்வி இது. அங்குள்ளவர்கள் அவரை 'நைலின் தந்தை' என்றே அழைத்தார்களாம்.

கணக்கு எளிதாகத் தோன்றும். ஒவ்வோர் ஆண்டும் வரும் நீரிலிருந்து சராசரியைக் கழியுங்கள். மிச்சத்தைக் கூட்டிக் கொண்டே போங்கள். கூட்டுத்தொகை ஏறி இறங்கும் ஒரு கோடாக வரும். நீர்த்தேக்கத்தின் மட்டம் எப்படி ஏறி இறங்கும் என்பதை அந்தக் கோடு காட்டும். அதன் மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அணைக்கு வேண்டிய கொள்ளளவு. ஒவ்வோர் ஆண்டின் நீரும் முந்திய ஆண்டோடு தொடர்பு இல்லாமல், நாணயம் சுண்டியது போல வருகிறது என்றால் அந்தக் கோடு நாம் வரைந்த 0.7 கோடு. காலம் 4 மடங்கானால் கொள்ளளவு 2 மடங்கு ஆனால் போதும்.

ஹர்ஸ்டுக்கு ஓர் அரிய வசதி இருந்தது. கெய்ரோ நகரில் நைல் நதியின் நடுவே உள்ள ரோடா தீவில் நீர்மட்டத்தை அளக்கும் தூண் ஒன்று இருக்கிறது. அந்த அளவுகளின் பதிவு கி.பி. 622-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது! அவற்றையும், மரங்களின் ஆண்டு வளையங்கள், ஏரிச் சேற்றின் படிவுகள், மழை அளவுகள் போன்ற பல பதிவுகளையும் அவர் அலசினார். 1951-இல் முடிவை வெளியிட்டார். நாணயக் கணக்கு இயற்கைக்குப் பொருந்தவில்லை. காலம் 4 மடங்கானால் கொள்ளளவு 2 மடங்கு அல்ல. இப்பதிவுகளின் சராசரிப்படி ஏறத்தாழ 2.75 மடங்கு வேண்டியிருந்தது.

ஏன்? வறண்ட ஆண்டுகள் கூட்டம் கூட்டமாக வந்தன. வளமான ஆண்டுகளும் அப்படியே. ஒரு வறட்சிக்குப் பிறகு இன்னொரு வறட்சி வருவது நாணயத்தில் நடப்பதைவிட அதிகம். ஏழு ஆண்டுகள் செழிப்பு, ஏழு ஆண்டுகள் பஞ்சம் என்று விவிலியத்தில் எகிப்தைப் பற்றி ஒரு கதை வருகிறது. அந்தக் கதையில் வரும் யோசேப்பின் பெயரையே மாண்டல்பிராட் இந்த நிகழ்வுக்கு வைத்தார். நாணயத்தை நம்பி அணை கட்டியிருந்தால், தொடர்ந்து வரும் வறட்சியின் நடுவில் அது வற்றிப் போயிருக்கும்.

நம் தாளில் இதை வரைய வேண்டுமா? 0.7-ஐ அழித்துவிட்டு 0.6 என்று எழுதுங்கள். தள்ளும் அளவுகள் 40, 24, 14, 9, 5 மி.மீ. என்று வரும். வேறு மாற்றம் இல்லை. கால் துண்டை நீளத்தில் 4 மடங்கு பெருக்கினால் உயரத்தில் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 0.6-ஐ 0.6-ஆல் பெருக்கி, அதைத் தலைகீழாக்கினால் 2.78. ஹர்ஸ்டின் எண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டோம்! 0.7 கோட்டையும் 0.6 கோட்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரைந்தால் இரண்டாவதில் பொடி நடுக்கம் குறைந்து, நீண்ட மேடுகளும் நீண்ட பள்ளங்களும் ஓங்கி நிற்பதைக் காணலாம். அந்த நீண்ட பள்ளங்கள்தான் பஞ்ச காலங்கள்.

இந்த இடத்தில் ஒரு குறையை ஒப்புக் கொள்ள வேண்டும். நடுப்புள்ளி முறையில் 8 செ.மீ. இடத்துப் புள்ளியை முதல் படியில் ஒரே முறை தள்ளினோம். அதன் பிறகு அது ஆணி அடித்தாற் போல நின்றுவிட்டது. ஐந்தாம் படியில் வந்த புள்ளிகளுக்கோ வேறு வரலாறு. விகிதம் 0.7 ஆக இருந்தால் இதனால் கெடுதல் இல்லை. மற்ற விகிதங்களில், நன்கு பழகிய கண்ணுக்கு, முதல் படிகளின் புள்ளிகளில் துணியை மடித்து வைத்த தடம் போல ஒரு மடிப்புத் தெரியும். ரிச்சர்ட் வாஸ் என்ற இயற்பியல் அறிஞர் இதற்கு ஒரு பரிகாரம் சொன்னார். ஒவ்வொரு படியிலும் புதுப் புள்ளிகளை மட்டும் அல்லாமல் பழைய புள்ளிகளையும் சேர்த்துத் தள்ள வேண்டும். சுண்டல்கள் கூடும், மடிப்பு மறையும்.

மடிப்பு இருந்தாலும் பரவாயில்லை என்று இந்த முறையைப் பிடித்துக் கொண்டவர்கள் படம் எடுப்பவர்கள். போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த லோரன் கார்ப்பென்டர், கோட்டுக்குப் பதிலாக முக்கோணங்களை எடுத்துக் கொண்டு, பக்கங்களின் நடுப்புள்ளிகளைத் தள்ளித் தள்ளிக் கணிப்பொறியில் மலைகளை உண்டாக்கினார். அந்த மலைகளின் மேல் பறப்பது போன்ற இரண்டு நிமிடப் படத்தை 1980-இல் சியாட்டில் நகரில் நடந்த கணிப்பொறி ஓவிய மாநாட்டில் திரையிட்டார். 1982-இல் வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் படத்தில் ஒரு புதுக் கிரகத்தின் மலைகள் எழும்பும் காட்சியிலும் இந்த முறை பயன்பட்டது.

மூன்று பகடைகளின் சங்கீதம்

இதே வாஸ், மாணவப் பருவத்தில் ஜான் கிளார்க் என்பவரோடு சேர்ந்து கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி செய்தார். 1975-இல் வெளியான அதைச் சொல்வதற்கு முன் இன்னும் இரண்டு வகை இரைச்சல்களை அறிமுகம் செய்ய வேண்டும்.

முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் தனியே பகடை உருட்டினால் வருவது 'வெள்ளை இரைச்சல்'. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற் போன்ற 'சுர்ர்' ஓசை. வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் இருப்பது போல இதில் எல்லா அதிர்வெண்களும் சமமாக இருக்கின்றன. அதனால் அந்தப் பெயர். ஆனால் ஸ்தாயிகளாகப் பிரித்துப் பார்த்தால் சமம் இல்லை. 100 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு ஸ்தாயி. 1,000-இலிருந்து 2,000 வரையும் ஒரு ஸ்தாயிதான். இரண்டாவதில் பத்து மடங்கு அதிர்வெண்கள் அடங்குவதால் பத்து மடங்கு ஆற்றல். அதனால்தான் வெள்ளை இரைச்சல் காதில் கீச்சென்று உறைக்கிறது. பிரௌன் இரைச்சலில் இதற்கு எதிர். கீழ் ஸ்தாயிகளே எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

இவற்றுக்கு நடுவே, ஒவ்வொரு ஸ்தாயிக்கும் சரிபங்கு கொடுக்கும் இரைச்சல் ஒன்று உண்டு. அதிர்வெண் இரண்டு மடங்கானால் இதன் செறிவு பாதியாகும். வெள்ளை ஒளியில் சிவப்பை அதிகமாக்கினால் இளஞ்சிவப்பு வருவது போல, கீழ் அதிர்வெண்கள் ஓங்கிய இதற்கு 'இளஞ்சிவப்பு இரைச்சல்' என்று பெயர். 1925-இல் ஜே. பி. ஜான்சன் வெற்றிடக் குழாய்களின் மின்னோட்டத்தில் இதைக் கண்டார். பிறகு டிரான்சிஸ்டரிலும் வேறு பலவற்றிலும் இது காணப்பட்டது.

வாஸும் கிளார்க்கும் வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிகளை மணிக்கணக்கில் அளந்தார்கள். இசை உரத்தும் தணிந்தும் ஒலிப்பதையும், சுருதி ஏறி இறங்குவதையும் ஒரு கோடாக எண்ணிப் பார்த்தார்கள். மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை, ஜாஸ், ராக் எதுவானாலும் அந்தக் கோடு இளஞ்சிவப்பு இரைச்சலை ஒத்திருந்தது! பின்னர் மூன்று வகை இரைச்சல்களையும் கொண்டு மெட்டுகள் அமைத்துப் பலரிடம் போட்டுக் காட்டினார்கள். வெள்ளை மெட்டு தாறுமாறாகத் தாவுகிறது, பிரௌன் மெட்டு சலிப்பூட்டுகிறது, இளஞ்சிவப்பு மெட்டே கேட்க நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். இசையின் இரகசியமே இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். இரைச்சலிலிருந்து எடுத்த மெட்டு எதுவும் யாரையும் அழ வைத்ததில்லை. ஆனாலும் கேட்கும்படியாக இருக்கிறது என்பதே விந்தைதானே!

இளஞ்சிவப்பு மெட்டை உண்டாக்க வாஸ் சொன்ன வழியை மார்ட்டின் கார்ட்னர் 1978 ஏப்ரல் மாத 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் விவரித்தார். கணிப்பொறி வேண்டாம், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லூடோ பகடைகள் போதும். முதலில் மூன்றையும் உருட்டிக் கூட்டுத்தொகையை எழுதிக் கொள்ளுங்கள். பிறகு நீலப் பகடையை ஒவ்வொரு முறையும் உருட்ட வேண்டும். பச்சையை இரண்டு முறைக்கு ஒரு தடவை. சிவப்பை நான்கு முறைக்கு ஒரு தடவை. உருட்டாத பகடை அப்படியே கிடக்கட்டும். ஒவ்வொரு முறையும் மூன்றின் கூட்டுத்தொகையையும் எழுதுங்கள்.

நான் உருட்டியபோது முதலில் சிவப்பு 4, பச்சை 2, நீலம் 5, கூட்டுத்தொகை 11. அடுத்து நீலம் மட்டும் 1, தொகை 7. பிறகு பச்சை 6, நீலம் 3, சிவப்பு பழைய 4, தொகை 13. மறுபடி நீலம் மட்டும் 6, தொகை 16. ஐந்தாம் முறை மூன்றையும் உருட்ட வேண்டும்: 2, 3, 4, தொகை 9. அதன் பின் 6, 9, 13 என்று வந்தன.

இதற்கும் நாம் வரைந்த கோட்டுக்கும் என்ன உறவு? சிவப்புப் பகடைதான் முதல் படி. மெதுவாக மாறி, நீண்ட மேடு பள்ளங்களைத் தருவது. பச்சை இரண்டாம் படி. நீலம் மூன்றாம் படி. பொடி நடுக்கம் அதன் வேலை. பூதக்கண்ணாடியின் ஒவ்வொரு பெருக்கத்துக்கும் ஒரு பகடை. மூன்றும் ஒரே அளவுப் பகடைகள் என்பதால் தள்ளும் அளவு படிக்குப் படி குறையவே இல்லை. அதாவது விகிதம் 1. பந்தின் பாதைக்கு 0.25, நைலின் தேக்கத்துக்கு 0.6, பிரௌனின் துகளுக்கு 0.7, வாஸின் மெட்டுக்கு 1.

மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 3-க்குக் குறையாது, 18-ஐத் தாண்டாது. ஆக 16 எண்கள். வீட்டிலோ பள்ளியிலோ ஹார்மோனியம் இருந்தால் அடுத்தடுத்த 16 வெள்ளைக் கட்டைகளுக்கு 3 முதல் 18 வரை எண் கொடுங்கள். ஒருவர் பகடை உருட்டி எண்ணைச் சொல்லட்டும், மற்றவர் வாசிக்கட்டும். முப்பது நாற்பது எண்கள் ஆனதும், மூன்று பகடைகளையும் ஒவ்வொரு முறையும் உருட்டி இன்னொரு மெட்டு வாசியுங்கள். எது எப்படி உண்டானது என்று சொல்லாமல் அடுத்த அறையில் இருப்பவரிடம் எந்த மெட்டு பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள்.